பூச்சி கடித்த தேயிலை

மாடி வீட்டு அண்ணன், கையில் எது அகப்பட்டாலும் எதிரில் இருப்பவன் மூக்குக்கு நேரே நீட்டி, "இன்னா தெரியுது? சொல்லு" என்று கேட்பார். அரிந்த மாங்காயாக இருக்கும், மெஷினில் அப்போதுதான் அரைத்து வந்த மிளகாய்த்தூளாக இருக்கும். ஒருமுறை மழையில் நனைந்து நிழலில் காய்ந்த என் தோள்பையையே என்னிடம் நீட்டினார். "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"நல்லா கீதுன்றது ஒரு பதிலா நைனா? பொண்ணு பாக்கவா வந்துகீற? இன்னா மாதிரி கீது, அத்த சொல்லு."

நான் யோசிப்பேன். அவர் காத்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார். ஆனால் கண் மட்டும் என் வாயை விட்டு நகராது, பரீட்சை முடிவு ஒட்டும் பலகையின் முன்னால் நிற்கும் பிள்ளையைப் போல.

ராயபுரத்தில் நாங்கள் கீழ் வீடு, அவர் மாடி வீடு. சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர். தெருவுக்குக் கப்பல்காரர், எனக்கு அண்ணன். கனத்த உடம்பு. ஆனால் படியேறினால் சத்தம் வராது. ஆடுகிற தரையில் கொதிக்கிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகிய கால் அது. கரைக்கு வந்தால் இரண்டு மூன்று மாதம் இருப்பார், மறுபடி போய்விடுவார்.

நான் சொல்கிற சமயத்தில் மட்டும் அவர் கரையிலேயே தங்கிப் போயிருந்தார். கொரோனா வந்ததில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மோப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தெருவில் பலருக்கும் அப்படி ஆகிச் சில வாரங்களில் திரும்பி வந்தது. அவருக்கு வரவேயில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். வாசனை என்கிற ஒன்று மட்டும் உலகத்தில் இல்லை. ஈஸ்டர் கழிந்ததும் புதுக் கப்பலில் ஏற வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். மருத்துவச் சோதனையும் முடிந்துவிட்டது. கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூக்கை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் தெரியும். அதுவும் அவர் சொல்லித் தெரிந்ததல்ல.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூக்கு சும்மா முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சாமான் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கொடி பார்த்துச் சொல்ல மாட்டோம், நாற்றம் பார்த்துச் சொல்வோம். பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலைப் பக்கத்துக் காற்று என்றால் அழுகின முட்டையும் கேஸும் கலந்து வரும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் என்றால் பிளாஸ்டிக் எரிகிற புகை. கிழக்கே என்றால் கருவாடு, டீசல், கடல். எங்கள் அம்மா மீன் வியாபாரம் செய்கிறவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இதில் தப்பு வராது. இந்தத் தெருவில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் வராது.

ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றிருந்தோம். காற்று திரும்பியது. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நானும் பொத்தினேன். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியாக அவர் பொத்தினார்.

"சே, இன்னிக்கும் கேஸ வுட்டுட்டானுங்கோ பாரு. கலீஜு."

நான் அவரைப் பார்த்தேன். அது கேஸ் இல்லை. கொடுங்கையூர்ப் புகை. கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்கு இது கேஸா?"

அவர் கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. "பொகையா?" என்றார்.

"பொகைண்ணே."

"சரி. அண்ணியாண்ட சொல்லாத." அவ்வளவுதான் சொன்னார். கீழே இறங்கும்போது என்ன நினைத்தாரோ, நின்று, "ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சு வருவேன். மேல வா, ஒரு டீ குடிக்கலாம்" என்றார்.

அந்த டீ நான் அதுவரை குடித்த எந்த டீயோடும் சேராது. தைவான் துறைமுகம் ஒன்றில், கப்பலுக்குக் காய்கறி ஏற்றுகிற ஒருவர் அவருக்குக் கொடுத்ததாம். ஊலாங் என்று பெயர். இலைகள் தூளாக இல்லை. ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்று துருப்பிடித்த சிவப்பு என்று சுருண்டு கிடந்தன. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. மூடி போட்ட ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கொஞ்ச நேரத்திலேயே சின்னக் கோப்பைகளில் வடித்துவிட்டார்.

"இந்த எலய பூச்சி கடிச்சிகீது" என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. "தம்மாத்தூண்டு பச்சப் பூச்சி. மத்த தோட்டக்காரன் மருந்தடிச்சு வெரட்டுவான். இவனுங்கோ கடிக்கட்டும்னு வுட்டுடுறானுங்கோ. கடிபட்ட எல இன்னாமோ பண்ணுது நைனா, பயந்து போயி உள்ளாற ஒரு வாசனய கெளப்புது. அது சாதா எலைக்கு வராது. குடி. இன்னா தெரியுது?"

குடித்தேன். நான் மீஞ்சூர்ப் பக்கம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் தண்ணீர் சோதிக்கிற வேலையில் சேர்ந்திருந்த நேரம். தண்ணீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான். அதனால் அதை முழுசாக நம்பினேன். வாயில் இருந்ததும் எனக்குச் சூடான தண்ணீராகத்தான் பட்டது.

"லேசா இருக்குண்ணே."

"லேசுன்னா? பஞ்சா?"

"இல்ல... காஞ்ச வைக்கோல் மாதிரி ஒண்ணு வந்துட்டுப் போகுது."

"நனஞ்சு காஞ்ச வைக்கோலா, நனயாத வைக்கோலா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மறுபடி உறிஞ்சினேன். "நனையாததுண்ணே. வெயில்ல கிடந்தது."

"ம்" என்று தலையாட்டிவிட்டு அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றினார். நான் இலையை மாற்றப் போகிறார் என்றல்லவா நினைத்தேன். சிரித்தார். தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் எடுப்பதில்லையா, அதே மாதிரி இதற்கு முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி என்று பெயர் வைத்திருந்தார். "மொத தண்ணி சும்மா கதவு தொறக்குறது. ரெண்டாவதுலதான் வூட்டுக்காரன் வெளிய வருவான்."

வந்தான். வாயில் ஊற்றிய உடனே தேன். இனிப்பு இல்லை, வெறும் வாசனையாகத் தேன். என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா? இன்னா வந்துச்சு?"

"தேன்ணே!"

"தேனா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "எனக்கு அப்போ கோயில்ல மெயுகுவர்த்தி ஊதி அணச்சா வருமே, அந்த வாசன வந்துச்சு." பிறகு தன் கோப்பையை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். கோப்பையைக் கீழே வைத்தார். மூன்றாம் தண்ணி ஊற்றினார்.

அவர் போட்டுவைத்திருந்த கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த டீயின் ஒவ்வொரு தண்ணியும் அவருக்கு நினைவிருந்தது. அதில் ஏதாவது ஒன்று, கடைசி மங்கல் தண்ணியாக இருந்தாலும் பரவாயில்லை, மூக்குக்குத் திரும்பி வந்துவிட்டால் கப்பலேறுவார். வராவிட்டால் என்ன செய்வார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தவக்காலத்து ஞாயிறுகள் எல்லாம் இப்படிப் போயின. எனக்கும் ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. ரயிலில் மீஞ்சூர் போகும்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் என்ன வாசனை என்று பார்த்தேன். அதை அவரிடம் ஒப்பித்தேன். மூன்றாம் தண்ணியில் உலர்ந்த திராட்சை வருகிறது என்று சொன்னேன். நான்காவதில் எங்கள் அப்பாவின் படகுக்குப் புதிதாக இழைத்த பலகை வருகிறது என்றேன். "பச்சப் பலகையா, எண்ணெ பூசினதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "அடுத்த வாரம் பாத்து சொல்லு" என்பார்.

ஒருநாள் கொஞ்சம் இலையைக் காகிதத்தில் மடித்து, "அம்மாக்கு குடு" என்று கொடுத்தார். நான் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அம்மா மொத்த இலையையும் பாலில் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா இது, எல எலயா கீது? மாட்டுக்கு வாங்கினதா? எவ்ளோ நேரம் கொதிச்சாலும் சாயமே எறங்கல. நம்ம டீத்தூளு ரெண்டு ஸ்பூன் போட்டுக்கினேன்."

பயந்துகொண்டே மாடிக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"அது சரி. கொதிக்கும்போது அவங்க மோந்து பாத்தாங்களா? இன்னா சொன்னாங்கோ?"

கீழே போய் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கு இது என்ன விசாரணை என்று புரியவில்லை. "இஞ்சி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சுடா. மல்லிப்பூ வெச்சுக்கினு தூங்கி எயுந்து, காலைல சடய அவுத்தா தலைலேருந்து வருமே, அது" என்றாள்.

அதை அப்படியே மேலே கொண்டுபோய்ச் சொன்னேன். "நீ தேன்னே. நானு மெயுகுவர்த்தின்னேன். அவங்க சொன்னதுதான் கரெக்ட்டு" என்றார்.

இதில் எனக்குச் சங்கடமாக இருந்த ஒன்றும் உண்டு. சமைக்கும்போது அண்ணியைக் கூப்பிட்டு, "கப்பல்ல நான்தான் எப்பவும் ருசி பாக்குறேன், வூட்லயாவது நீ பாரேன்" என்று கொஞ்சுவார். அண்ணி மோந்து பார்த்து, "பச்ச வாசன போயிடுச்சு" என்றால் இறக்குவார். என் கண் முன்னாலேயே ஒருநாள் பால் பொங்கிக் கருகி வீடே நாறியது. அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஓடிவந்து அணைத்துவிட்டு, பாத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாய்யா, கண்ணு தொறந்துக்கினே தூக்கமா?" என்றுதான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து அண்ணியின் பார்வை மாறியது என்று நினைக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறு. பூசையிலிருந்து கொண்டுவந்த ஓலையை அண்ணி சிலுவையாகப் பின்னிக்கொண்டிருந்தார். தேயிலை டப்பாவில் அதுதான் கடைசி இலை. முதல் தண்ணி ஆனது, இரண்டாம் தண்ணி ஆனது. அவர் கண்ணை மூடி முகர்ந்தார், வைத்தார். முகர்ந்தார், வைத்தார். மூன்றாம் தண்ணிக்கு வெந்நீர் ஊற்றப் போனவரைத் தெருவிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவன் கூப்பிட்டான். கேனைத் தூக்கிவர இறங்கிப் போனார்.

அண்ணி எழுந்தார். காலையில் போட்ட எங்கள் எல்லோர் வீட்டுச் சாதா டீத்தூள் வடிகட்டியில் சக்கையாக இருந்தது. அதன்மேல் வெந்நீரை ஊற்றி, அவருடைய சின்னக் கோப்பையில் பிடித்து வைத்தார். நிறம் மூன்றாம் தண்ணியின் அதே மங்கல் பழுப்பு. என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பிறகு உட்கார்ந்து ஓலையைப் பின்னத் தொடங்கிவிட்டார்.

அவர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன். எப்பப் பாத்தாலும் எங்களையே கேக்குறியே, இன்னிக்கு நீ சொல்லு. இன்னா தெரியுது?"

ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். சமையல்காரர்கள் ருசி பார்க்கும்போது ஆட்டுகிற அதே ஆட்டு. "மூணாந் தண்ணி சோக்கா வந்துகீது. காஞ்ச திராட்ச" என்றார்.

போன வாரம் நான் சொன்ன வார்த்தை அது. எனக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது.

"அது நம்ம டீத்தூள் சக்கய்யா" என்றார் அண்ணி. சத்தம் போடவில்லை. "காலைல நீ குடிச்சதுதான்."

அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பது இப்போதாவது தன்னைக் காட்டிக்கொடுக்குமோ என்பது போல.

"எத்தினி நாளா?" என்றார் அண்ணி.

"காய்ச்சல் வந்ததுலேருந்து."

"என்னாண்ட சொல்லல. இவனாண்ட சொல்லிகீற."

"அவனா கண்டுபுடிச்சான்."

"நானுந்தான் கண்டுபுடிச்சேன்! பாலு கருகுன அன்னிக்கே கண்டுபுடிச்சேன். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு கீறேன்." ஓலையைக் கீழே போட்டார். "சரி, கப்பலுக்குப் போற. ஐஸ் பொட்டில கறி கெட்டுப்போச்சு. நடுக்கடலு. யாரு மோந்து சொல்லுவான் உனுக்கு?"

"கூட வேல செய்ற பையன் இருப்பான். அவன கேப்பேன்."

"அவனுக்குச் சளி புடிச்சுகீது. அப்பால?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். அண்ணி விடவில்லை. "உன்ன நம்பித்தான் அத்தினி பேரு தட்ட நீட்டுறான். டாக்டர் கெடையாது, ஆஸ்பத்திரி கெடையாது. சொல்லுய்யா."

"கப்பல வுட்டா நான் யாருடி?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதேயில்லை. "தெருவுல கூப்புடுறதே அந்தப் பேருதான்."

அண்ணி அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். "குந்து நைனா" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. பிறகு போனை எடுத்தார்.

ஏஜென்டின் குரல் எனக்கே கேட்டது. என்னப்பா, ஞாயிற்றுக்கிழமை, பெட்டி கட்டியாச்சா என்று அவர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார்.

"சார், எனுக்கு மோப்பம் தெரியல. வாசன எதுவும் தெரியல. ரொம்ப நாளா."

"மெடிக்கல்தான் பாஸாயிட்டியே. இதை ஏன் இப்ப என்கிட்ட சொல்றே?" என்றார் ஏஜென்ட்.

"சாப்புடுறவனுங்கோ நம்மள நம்பிச் சாப்புடுறானுங்கோ சார்."

"வேற ஆளைப் பார்த்துடுவேன்ப்பா. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"பாத்துடுங்க சார்."

போனை வைத்துவிட்டு அவர் கிண்ணத்தில் விரிந்து கிடந்த இலைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எங்கே கடித்திருக்கிறது என்று தேடினார் போலிருக்கிறது. அண்ணி எழுந்து சமையலறைக்குள் போனார். அங்கிருந்து குரல் வந்தது.

"வவ்வாலு மீனு வாங்கி வெச்சிகீறேன். கொயம்பு நீ வையி."

"நீயே வையி."

"எனுக்குக் கப்பல்காரன் கொயம்புதான் வோணும். எயுந்து வா."

எழுந்து போனார். நான் வாசலருகே நின்று பார்த்தேன். சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றினார், வெந்தயம் போட்டார். பழக்கத்தில் அண்ணி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணி, "செவந்துடுச்சு, வெங்காயத்த போடு" என்றார்.

"தெரியும்டி. ஊரு ஊரா ஆக்கிப் போட்டவன் நானு."

"தெரியுமில்ல? அப்போ இன்னாத்துக்கு கருகுது? தீய கொற, கொற!"

"நீ தள்ளி நில்லு. மூஞ்சிய சட்டில வுட்டுடுவ போலகீது."

"மூக்கு சட்டிகிட்ட இருந்தாத்தான்யா வேல நடக்கும். புளிய ஊத்து. பச்ச வாசன இன்னும் போவல. நீ கிண்டு, நான் சொல்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு சட்டியின் முன்னால் நின்றார்கள். குழம்பு கொதி வந்தது. மீன் துண்டுகளைப் போட்டு மூடிய கொஞ்ச நேரத்தில் கீழே எங்கள் வீட்டு வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாம்மா, மேல வவ்வாலா? என்னாண்ட வாங்காம எவளாண்ட வாங்குன?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கரண்டியோடு ஜன்னலுக்குப் போனார்.

"அக்கா, கீய வரைக்குமா வருது?"

"கீயவா? தெருமொன வரைக்கும் போவுதுப்பா!"

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பாதி திறந்திருந்த ஜன்னல் கதவை முழுசாகத் தள்ளித் திறந்துவிட்டு அடுப்புக்கு வந்தார்.